ஆள் இல்லை!

மூலக்கொத்தளத்திலே இறந்தவர்களுக்கு முகவரி உண்டு, இருப்பவர்களுக்குத்தான் இல்லை!

கசப்பான பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் உண்மை அதுதான். மூலக்கொத்தளம் இடுகாட்டிலே நடராசன் எங்கே துயில்கிறார், தாளமுத்து எங்கே துயில்கிறார் என்று கேளுங்கள். சின்னஞ்சிறு பையன்கூட வழி காட்டுவான். இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை புகுந்து, 1939 சனவரியில் ஒருவரும் மார்ச்சில் ஒருவருமாக உயிர் நீத்த அந்த இரு காளையருக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. மாலை போடுகிறவர்கள் வழி தவறுவதில்லை.

அதே இடுகாட்டுச் சுவருக்கு வெளியே, நேற்று வரை மூச்சுவிட்டு, மூட்டை சுமந்து, பிள்ளை பெற்று வாழ்ந்த ஒரு பாட்டாளியைத் தேடிக் கோர்ட்டுக் காகிதம் ஒன்று வருகிறது என்று வையுங்கள். அந்தக் காகிதம் திரும்பிப் போகிறது. அதன் முதுகிலே இரண்டே சொற்கள்: "ஆள் இல்லை."

இரண்டு சொற்கள்தாம். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள்ளே ஒருவனுடைய வீடு போகிறது, கூலி போகிறது, சில வேளைகளில் மானமும் போகிறது. அது எப்படிப் போகிறது, ஏன் போகிறது, அதைத் தடுக்க நம்மால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. கும்பினிக்காரன் கறுப்பர் நகரத்தைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டிலே எழுப்பிய மதிலின் மூலையில் இருந்த கொத்தளம், மூலைக்கொத்தளம். அது மருவி மூலக்கொத்தளம். அந்த மதில் கட்டிய செலவை ஊரார் தலையிலே வரியாகப் போடக் கும்பினி நினைத்தது. அந்த வரி வசூலாகவே இல்லை. ஆனாலும் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும், வ.உ.சி. சாலை என்று மாற்றிய பிறகும், மக்கள் நாவிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதில் போயிற்று, கொத்தளம் போயிற்று, கும்பினியும் போயிற்று. பெயர்கள் நிற்கின்றன. பெயருக்கு உரிய மனிதர்கள் மட்டும் நிற்க முடியவில்லை. துறைமுகம் வேலை தந்தால் இங்கே, காசிமேட்டில் படகு கிடைத்தால் அங்கே, திருவொற்றியூரிலே ஆலைக்கதவு மூடினால் எண்ணூருக்கு, வாடகை ஏறினால் கொருக்குப்பேட்டைக்கு என்று உழைப்பவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஓடுகிறவனுக்கு ஏது நிலையான கதவிலக்கம்?

அந்த ஓட்டத்துக்கு நடுவே காகிதம் வருகிறது. நாம் வரைவது ஒரு தனி மனிதனின் கதையன்று. வடசென்னையில் பலருக்கு நேர்வதைச் சேர்த்து வரைந்த படம்.

காலை 11 மணி. அமீனா வருகிறார். கையிலே ஒரு கட்டுக் காகிதம், நெற்றியிலே வியர்வை.

"ஏம்மா, இங்க 14-ஆம் நம்பர் குடிசை எது?"

"குடிசையா? அதெல்லாம் எடுத்து வருசக்கணக்கா ஆவுது சார்."

"இந்தப் பேர்ல ஒருத்தர் இருந்தாராமே?"

"ஆர்பர்ல மூட்டை தூக்குவாரே, அந்த அண்ணனா? கண்ணகி நகர் போனாங்களோ, பெரும்பாக்கம் போனாங்களோ... தெரியலியே சார்."

அமீனா பெருமூச்சு விடுகிறார். இன்னும் பத்து வீட்டுக்குப் போக வேண்டும் அவர். அவரை நாம் ஏசவில்லை. அவரும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தான். காகிதத்தைப் புரட்டுகிறார்; எழுதுகிறார்: "ஆள் இல்லை."

கோர்ட்டிலே அது என்னவாகிறது? அடுத்த வாய்தாவில் எதிரியின் வக்கீல் எழுந்து, "பிரதிவாதி வேண்டுமென்றே தலைமறைவாக இருக்கிறார், பத்திரிகை விளம்பரத்துக்கு அனுமதி வேண்டும்" என்கிறார். அனுமதி கிடைக்கிறது. அவன் வாழ்நாளில் பிரித்தறியாத ஒரு பத்திரிகையின் மூலையில், பொடி எழுத்தில் அவன் பெயர் அச்சாகிறது. வாய்தா நாளிலே நீதிமன்றத்துச் சேவகர் அவன் பெயரை மூன்று முறை கூவுகிறார். அந்த நேரத்தில் அவன் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பேருந்துக்குக் காத்து நிற்கிறான். ஒருதலைத் தீர்ப்பு, கோர்ட்டு மொழியிலே எக்ஸ்பார்ட்டி, எழுதப்படுகிறது. தன்மேல் வழக்கு இருப்பதே தெரியாமல் அவன் தோற்றுவிடுகிறான்!

இதுதான் சட்டமா என்று கேட்கிறீர்கள். இல்லை, தோழர்களே! இது சட்டம் அன்று, சட்டத்தின் நிழல். சட்டம் சொல்வது வேறு.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 5-ஆவது கட்டளை முழுவதும் சம்மனைப் பற்றியதே. ஆளிடமே கொடுக்க வேண்டும். ஆள் வெளியே போயிருந்தால், உரிய காலத்துக்குள் அவர் வரும் வாய்ப்பும் இல்லையென்றால், உடன் வாழும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஆனால் வேலைக்காரரிடம் கொடுத்தால் குடும்பத்தாரிடம் கொடுத்ததாகாது. தக்க முயற்சியோடு தேடிய பிறகும் ஆள் கிடைக்காவிட்டால் மட்டுமே வெளிக்கதவில் ஒட்டலாம். அதுவும் எந்தக் கதவில்? அவன் வழக்கமாக வாழும் வீட்டின் கதவில், அல்லது அவன் தொழில் செய்யும் இடத்தில். ஒட்டியவர் சும்மா திரும்பக்கூடாது. என்ன சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று எழுதித் தரவேண்டும். அந்த அறிக்கைக்கு உறுதிமொழிப் பத்திரம் இல்லையென்றால், நீதிமன்றம் அவரைச் சத்தியத்தின்மேல் விசாரிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 20-ஆவது விதி: மாற்று முறைச் சார்வு. ஆள் ஒளிகிறான் என்றோ, வழக்கமான முறையில் கொடுக்க முடியாது என்றோ நீதிமன்றம் காரணத்தோடு நம்பினால்தான் அந்தக் கதவு திறக்கும். பத்திரிகையில் போடுவதானால், அவன் கடைசியாக உண்மையில் வாழ்ந்த வட்டாரத்தில் விற்பனையாகும் நாளேட்டில் போட வேண்டும் என்று 1976-இல் செய்த திருத்தம் சொல்கிறது. இது கடைசி வழியாக இருக்க வேண்டுமே தவிர, முதல் வழியாக இருக்கலாகாது என்று 1996-இல் உச்சநீதிமன்றமும் அறிவுறுத்தியிருக்கிறது.

அமெரிக்காவிலே 1950-இல் ஒரு வங்கி வழக்கு. பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த வங்கி, கணக்கை முடிக்க நீதிமன்றம் போயிற்று. பணத்துக்கு உரியவர்களுக்குப் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்றது. அந்நாட்டு உச்சநீதிமன்றம் என்ன சொல்லிற்று? முகவரி தெரிந்தவனுக்கு விளம்பரம் போதாது. அவனுக்கு நேரே தெரிவிக்க வேண்டும். ஒப்புக்குச் செய்யும் சடங்கை அறிவிப்பு என்று ஏற்க முடியாது என்றது. டாலர் நாட்டு வங்கிக்குச் சொல்லப்பட்ட நீதி மூலக்கொத்தளத்துப் பாட்டாளிக்கும் பொருந்தும் அல்லவா?

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழன் இதை அறியாதவனா? சிலப்பதிகாரம் நமக்குச் சொல்வது என்ன? கோவலன் திருடினான் என்று பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், கோவலனை அழைக்கவில்லை, ஒரு சொல் கேட்கவில்லை, வெட்டினார்கள். எக்ஸ்பார்ட்டி! பாண்டியன் மண்ணிலே எழுதப்பட்ட ஒருதலைத் தீர்ப்பு அது. கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நின்றாளே, அன்று வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னான், மன்னன் வரச் சொன்னான், அவள் பேசினாள், சிலம்பு உடைந்தது, பொய் உடைந்தது. கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்பதுதான் அந்தக் காப்பியம் நம் நெஞ்சில் எழுதிய பாடம்.

இனி விந்தையைப் பாருங்கள்! 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் குடிசைவாசிகளைக் கொண்டுபோய் ஒக்கியம் துரைப்பாக்கத்திலே குடியேற்றினார்களே, அந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? கண்ணகி நகர்! கேட்காமல் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து ஊரையே எரித்தவள் பெயரைச் சூட்டிவிட்டு, அந்த ஊரிலே வாழ்கிறவனைக் கேட்காமலே தீர்ப்பு எழுத விடலாமா?

குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தது. கூரைக்குப் பதில் காரை வீடு என்ற பெரும் கனவோடு பிறந்தது. 2021-இல் அதற்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயரும் வந்தது. இன்று மூலக்கொத்தளத்திலேயே வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. இருந்த இடத்திலேயே வீடு கிடைத்தவன் பாக்கியசாலி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கால்வாய்க் கரையிலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டவன்? அவனோடு பாயும் பானையும் போயின. அவனைத் தேடி வரும் காகிதம் போகவில்லை. அரசாங்கமே அவன் முகவரியை அழித்தது; பிறகு அரசாங்கத்தின் நீதிமன்றமே, "முகவரியில் ஆள் இல்லை" என்கிறது!

ஆள் இல்லையா? வாக்காளர் பட்டியலில் அவன் இருக்கிறான். ரேஷன் அட்டையில் இருக்கிறான். ஆதாரிலே பத்து விரலும் இரண்டு கண்ணும் கொடுத்துவிட்டு இருக்கிறான். மின்சாரக் கட்டணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது. வட்டிக்காரன் ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் வருகிறான். ஓட்டுக்கு அகப்படுகிறவன், வரிக்கு அகப்படுகிறவன், வட்டிக்கு அகப்படுகிறவன் நீதிக்கு மட்டும் அகப்படவில்லை என்றால், தேடுகிறவர்கள் தேடவில்லை என்பதைத் தவிர வேறென்ன பொருள்?

இது ஏழையின் பக்கம். இனிச் சீமான்களின் பக்கம் திரும்புவோம். அங்கேயும் "ஆள் இல்லை" உண்டு. ஆனால் அது வேறு வகை.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு. போபால் நகரத்திலே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கிளம்பிற்று. ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டனர். அந்த நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ஆம் நாள் போபாலுக்கு வந்தார், கைதானார், 25,000 ரூபாய் ஜாமீனில் அன்றே விடுதலையானார், மாநில அரசின் விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பிவைக்கப்பட்டார். அமெரிக்கா போனவர் திரும்பவே இல்லை. போபால் நீதிமன்றம் அழைத்தது, வரவில்லை. அமெரிக்கப் பத்திரிகையிலே அறிவிப்பு வெளியிட்டது; வரவில்லை. 1992-இல் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது, அப்போதும் வரவில்லை. அவரை ஒப்படைக்கக் கேட்டு இந்திய அரசு முறையான கோரிக்கையை அனுப்பியது எப்போது தெரியுமா? 2003-இல்! அமெரிக்கா மறுத்துவிட்டது.

தலைமறைவு! எங்கே மறைந்திருந்தார்? காட்டிலா, குகையிலா? நியூயார்க்கை அடுத்த செல்வந்தர் குடியிருப்பிலே, தம் சொந்த வீட்டிலே. 2002-இல் கிரீன்பீஸ் இயக்கத் தொண்டர்கள் அந்த வீட்டுக்கே போய்ப் பிடியாணையின் நகலை அவரிடம் நீட்டினார்கள். இரண்டு பெரும் அரசாங்கங்களுக்கு அகப்படாத முகவரி, சம்பளத்தைப் பெரிதென எண்ணாத தொண்டர்களுக்கு அகப்பட்டது! 2014 செப்டம்பரில், 92 வயதில், ஃபுளோரிடாவிலே அவர் இறந்தார். கடைசிவரை ஓர் இந்திய நீதிபதி முன் அவர் நிற்கவில்லை. கார்பைடை 2001-இல் வாங்கிய டௌ நிறுவனத்தின் வக்கீல், சம்மன்மேல் சம்மன் போன பிறகு, 2023 அக்டோபரில்தான் போபால் நீதிமன்றத்துக்கு வந்தார். எதற்கு? எங்கள்மீது இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கு!

இன்னொன்றும் பாருங்கள், இது நம் எண்ணூருக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018 முதல் தன்வசம் வைத்திருக்கும் அதானி குழுமத்தின் தலைவர்மீது, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2024 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டைக் குழுமம் மறுத்திருக்கிறது. அதன் மெய்பொய்யை நாம் இங்கே பேசவில்லை. காகிதத்தின் பயணத்தை மட்டும் பேசுகிறோம். நாடு விட்டு நாடு சம்மன் அனுப்ப 1965-இல் ஹேக் நகரத்திலே ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியா 2006-இல் அதில் சேர்ந்தது. அதன்படி அயல்நாட்டுச் சம்மனைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம் மத்திய சட்ட அமைச்சகத்துக்கு. 2025 பிப்ரவரியிலே ஆணையம் அமைச்சகத்தின் உதவியைக் கேட்டது. அந்த ஆண்டு நடுவிலும், அதற்குப் பிறகும், "சம்மன் இன்னும் சேரவில்லை" என்று ஆணையம் தன் நீதிமன்றத்துக்கு அறிக்கைமேல் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. உலகமே அறிந்த முகவரி! பத்திரிகைகள் நாள்தோறும் படம் போடும் முகம்!

ஏழையைத் தேடிப் போன காகிதம் ஒரே நாளில் களைத்துவிடுகிறது. பணக்காரனைத் தேடிப் போன காகிதம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. ஆனாலும் போய்ச் சேர்வதில்லை. ஏழைக்கு "ஆள் இல்லை" என்றால் தீர்ப்பு விரைகிறது; செல்வனுக்கு "ஆள் இல்லை" என்றால் தீர்ப்பு நிற்கிறது. ஒரே சொல், ஒருவன் கழுத்துக்கு அது கயிறு, இன்னொருவன் தலைக்கு அது குடை!

இந்த வேளையிலே குற்றவியல் சட்டமும் மாறியிருக்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2024 சூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று நம் நாவுக்குப் பழகாத பெயரோடு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்திலே ஆள் இல்லாதபோது சம்மனைக் குடும்பத்து ஆணிடம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது. பெண்ணையும் ஆளாக மதித்துப் புதுச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. நல்லதை நல்லது என்போம். ஆனால், 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவன் விசாரணைக்குத் தப்பி ஓடினால், சில நிபந்தனைகளோடு, அவன் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பளிக்கவும் புதுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆண்டர்சன்களுக்கு இது பொருந்தினால் மகிழ்வோம். வீடு மாறியதையே ஓட்டம் என்று எழுதிவிட்டால்? ஆகவே "ஆள் இல்லை" என்ற சொல்லின் எடை முன்பைவிட இன்று கூடிவிட்டது.

வாட்சப்பிலே அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. காவல்துறை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீசை வாட்சப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமீனா எந்த இடத்திலே நின்றார் என்பதைக் கைப்பேசிச் செயலியே பதிவு செய்யும் முறையும் வந்திருக்கிறது. வரட்டும்! ஆனால் செயற்கைக்கோள் அமீனா நின்ற இடத்தைத்தான் காட்டும். அந்த இடத்திலே இருந்த குடிசை எங்கே போயிற்று என்று காட்டுமா?

பழைய நாளில் தண்டோரா போட்டார்கள். ஜப்தி என்றால் தமுக்கு, ஏலம் என்றால் தமுக்கு. அந்தத் தமுக்கை ஒரு சாதியாரின் தோளிலே மாட்டி இழிவு செய்தது இந்தச் சமுதாயம். 2022-இல் தமிழ்நாடு அரசு தண்டோராவுக்கு முற்றுப்புள்ளி வைத்து, ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்றது. நல்ல வேலை! இழிவு போகட்டும். ஆனால் அந்தத் தமுக்கிலே இருந்த ஒரு நல்ல குணம் போகக்கூடாது: படிக்கத் தெரியாதவன் காதிலும் சேதி விழுந்தது. பொடி எழுத்து விளம்பரம் யார் காதில் விழும்?

பிறர் குற்றம் பேசினோம். இனி நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். அமீனா வருகிறார் என்றால் பின்வாசல் வழியே நழுவுகிற பழக்கம் நம்மிடம் இல்லையா? "அவரு ஊர்ல இல்ல சார்" என்று பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்கிற பழக்கம் இல்லையா? கட்டிய மனைவி ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டால், நண்பன் வீட்டிலே ஒளிந்துகொண்டு, "காகிதம் என் கைக்கு வரவில்லையே" என்று மீசை முறுக்குகிற வீரர்கள் நம்மிடையே இல்லையா? அவள் கைக்குழந்தையோடு வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டு வாசலில் நிற்கிறாள். முதலாளி ஒளிந்தால் சுரண்டல், நாம் ஒளிந்தால் சாமர்த்தியமா? வேண்டுமென்றே சம்மனைத் தட்டிக்கழிக்கும் கணவனுக்கு எதிராக ஒருதலையாகவே உத்தரவிடச் சட்டம் இடம் தருகிறது. தரட்டும், அதுதான் நியாயம்!

ஒளிவதால் பயனும் இல்லை. காகிதத்தை வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கணக்கு. வழக்கு நாள் தெரிந்திருந்தது, வர நேரமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், சம்மன் கொடுத்த முறையில் இருக்கும் சின்னப் பிழையைக் காட்டி ஒருதலைத் தீர்ப்பை நீக்க முடியாது. கையெழுத்துப் போட்டு வாங்குவது கடனை ஒப்புக்கொள்வதாகாது. "எனக்குச் சேதி கிடைத்தது" என்பதற்கு மேல் அந்தக் கையெழுத்துக்குப் பொருள் கிடையாது. சம்மன் என்பது விலங்கு அன்று. உன் பேச்சையும் கேட்கிறோம், வா என்று சட்டம் உழைப்பவனுக்குத் திறந்துவைக்கும் வாசல் அது. அந்த வாசலை நாமே சாத்திக்கொள்ளலாமா?

சரி, தெரியாமலே தீர்ப்பாகிவிட்டது, என்ன செய்வது? இடிந்து உட்கார வேண்டாம். 9-ஆவது கட்டளையின் 13-ஆவது விதிப்படி அந்த ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். தவணை 30 நாள். எந்த நாளிலிருந்து? சம்மன் முறையாகச் சேர்ந்திருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து. சேராதிருந்தால், தீர்ப்பு இருப்பதை நாம் அறிந்த நாளிலிருந்து. பத்திரிகை விளம்பரம் முதலான மாற்று முறைச் சார்வு இந்தக் கணக்குக்கு முறையான சார்வு ஆகாது என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமே, அதன் 123-ஆவது இனத்திலே விளக்கிச் சொல்கிறது. ஏழைக்காக எழுதிவைத்த வரி அது. எத்தனை பேருக்குத் தெரியும்? அறிந்த நாளை எழுதி வையுங்கள். அன்றே எண்ணத் தொடங்குங்கள்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆவது பிரிவிலே, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உரிமை என்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் வழி சொல்வார்கள். இது பிச்சையன்று, தோழர்களே, உரிமை!

வழக்கிலே ஒருமுறை நாம் கொடுத்த முகவரியே பதிவு முகவரி என்று கொள்ளப்படும். வீடு மாறினால் வக்கீலிடம் சொன்னால் மட்டும் போதாது. மனுப் போட்டு மாற்ற வேண்டும்.

அரசாங்கத்துக்கும் நீதித்துறைக்கும் நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. வாரியம் ஒரு குடும்பத்தை இடம் மாற்றும்போது, பழைய இடம் இது, புதிய வீடு இது என்று ஒதுக்கீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்காமல், குடிசைப் பகுதியில் வாழ்ந்த எவர்மீதும் பத்திரிகை விளம்பரத்துக்கு அனுமதி தரலாகாது. அரசாங்கம் எழுப்பி அனுப்பியவனை அரசாங்கமே தேடிக் கொடுக்கட்டும். இதற்குக் கோடி வேண்டாம்; ஒரு கடிதம் போதும்.

கோரிக்கை நிறைவேறும் வரை? கைகட்டி உட்காரலாமா? தோழர்களே, தேர்தல் நாட்களை நினைத்துப் பாருங்கள். வாக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு நாம் நுழையாத சந்து உண்டா? ஏறாத மாடி உண்டா? வீடு மாறியவர் எங்கே போனார் என்று விசாரித்து, கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் அழைத்து வந்து வாக்குச்சாவடியில் நிறுத்துகிறோமே! ஓட்டுக்காக ஆளைத் தேடத் தெரிந்த கால்களுக்கு, நீதிக்காக ஆளைத் தேடத் தெரியாதா?

ஆகவே ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இந்தத் தெருவிலிருந்து போனவர் யார், எங்கே போனார், கைப்பேசி எண் என்ன என்று அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். கந்துவட்டிக்காரனுக்கும் காசு பறிப்பவனுக்கும் அந்த நோட்டு எட்டக்கூடாது. அமீனா வந்தால், "தெரியலியே சார்" என்ற சொல் நம் தெருவிலே எழக்கூடாது. உடனே அந்தத் தோழருக்குச் சேதி போக வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்திலே பெயரைப் போட்டால் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். நாள் முழுதும் கைப்பேசியைத் தடவும் நம் தம்பிமார்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெருவாரின் பெயர்களைத் தேடிப் பார்க்கட்டும். வட்டத்துக்கு ஒரு வக்கீல் தோழர், மாதம் ஒரு மாலை வந்து உட்காரட்டும். மேடையிலே மூன்று மணி நேரம் முழங்குவதைவிட, ஒரு தொழிலாளியின் 30 நாள் தவணை தவறாமல் காப்பது பெரிய கட்சிப் பணி என்று நாம் துணிந்து சொல்வோம்.

ஆண்டர்சன் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் ராணுவத்தார் அல்லர், தொண்டர்கள். தொண்டனால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

மூலக்கொத்தளம் இடுகாட்டிலே மலர் வைத்துத் திரும்பும்போது, சுவருக்கு இந்தப்பக்கம் நின்று ஒரு கணம் கேளுங்கள். தூரத்திலே, ஏதோ ஒரு நீதிமன்ற வராந்தாவிலே, நம்மில் ஒருவன் பெயரைச் சேவகர் மூன்று முறை கூவுகிறார். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல அவன் அங்கே நிற்க வேண்டும். நிற்க வைப்பது நம் வேலை.

"ஆள் இருக்கிறேன், ஐயா!"

அந்த ஒரு சொல்லை உழைப்பவன் தன் வாயால் சொல்லும் நாள் வரை நமக்கு ஓய்வில்லை.